சாமிக் கல்லில் உடைத்த மூலை

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து தொடங்கும் முன், அதாவது வளர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்கும் முன், வெட்டப்போகும் தேயிலை மலையின் ஓரத்தில் மூன்று கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கும்பிடுவார்கள். கத்தி தவறிக் காலில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் வேண்டுதல். ஒரு மலைக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கவ்வாத்து வரும். இடைப்பட்ட காலத்தில் சாமி மழையில் நனைந்துகொண்டு கிடக்கும்.

இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான். மடுல்சீமையில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பதுளைக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போய், கல் சேகரிக்கிற பைத்தியமும் பிடித்த பிறகு, எனக்குக் கல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

போன வருஷ விடுமுறையில் அஞ்சாம் நம்பர் மலையோரம் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்தேன். உள்ளே கருநீலப் பொட்டுகள். சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டி எடுத்தேன். வெள்ளைப் பகுதியில் எலுமிச்சைச் சாறு விட்டதும் மெல்ல நுரைத்தது, சுண்ணாம்புக்கல் வகை. நீலத்தில் கத்தி கீறவில்லை. எங்கள் பக்கம் அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பினல் என்கிற கல். அதை எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்தான். நான் ஒரு மெல்லிய சில்லை வெயிலில் பிடித்தேன். ஒரு பக்கம் நீலம். திருப்பினால் மஞ்சள் கலந்த பச்சை. செரெண்டிபைட்! உலகத்துச் சேகரிப்பாளர்கள் ஏங்கிக் கிடக்கும் கல். தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

லயத்துக்கு ஓடி அண்ணனிடம் காட்டினேன். தோட்டத்தில் பேர்போன கவ்வாத்துக்காரர் அவர்; எந்த மலையிலும் முதல் வெட்டு அவருடையதுதான். கல்லைத் திருப்பி, ஒரு வெடிப்பில் ஒட்டியிருந்த பழைய குங்குமத்தை நகத்தால் தொட்டார்.

"எங்கடா எடுத்த?"

சொன்னேன்.

"அது சாமிடா. நாளைக்கு அந்த மலையிலதான் கவ்வாத்து."

திருப்பி வைத்துவிடுகிறேன் என்றேன்.

"ஒடச்சத ஒட்டவா முடியும்? நீ வாயத் தொறக்காத."

மறுநாள் பூசைக்கு நானும் போனேன். மூளியான கல்லைப் பார்த்ததும், வேலையை மேற்பார்க்கும் கங்காணி, "யாரு வேல இது?" என்று கேட்டார். "நான்தாங்க. கல்ல நேரா நடப் போனேன், கைதவறிப் பாறையில விழுந்திருச்சு" என்றார் அண்ணன். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதால் அல்ல, பயத்தால்.

அன்றைக்கு முதல் வெட்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அண்ணனோடு ஒரே நிரையில் நிற்க யாரும் ஒப்பவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அவரை மதிப்புக் குறைந்த புல்வெட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

தெரிந்த புவியியல்காரர் ஒருவர் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, நான் சொன்ன கல்தான் என்று உறுதிப்படுத்தினார். அடுத்த விடுமுறையில் அதை அண்ணனிடம் சொன்னேன். கங்காணியிடம் உண்மையைச் சொல்லப் போவதாகவும் சொன்னேன்.

"வேணாம். புள்ளைங்களுக்குப் படிப்பிக்கிறவன் நீ" என்றார். பிறகு, "அப்ப அது நெசமாவே அபூர்வமான கல்லுதானா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"நம்ம ஆளுங்களுக்குத் தெரியாமலே நல்ல கல்லாத்தான் பாத்து நட்டிருக்காங்க" என்று சந்தோஷப்பட்டார்.

நான் இன்னும் கங்காணியிடம் போகவில்லை.