மோட்டாரோடு வந்த பூனைக்குட்டி

தொண்ணூறுகளில் சூலூரில் எங்களுக்கு ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். போர்டில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் எரிந்துபோன மோட்டாரைக் கழற்றுவதும் கடைசியில் பூட்டுவதும்தான் அவர் வேலை. நடுவில் கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியை எண்ணிச் சுற்றி, மோட்டாரின் உள்ளே இருக்கும் ஸ்லாட் பள்ளங்களுக்குள் இறக்கிக் கட்டுவதெல்லாம் நான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வருடம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அஞ்சு ஹெச்.பி. மோட்டாரை ஒரே பகலில் கட்டி முடிப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கோடையில் வோல்டேஜ் படுத்துவிட்டது. தோட்டத்து மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஒரு நாள் காலையில் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் டெம்போவில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பது வயதிருக்கும். மோட்டாரை ஒரு பழைய சாக்கில் சுற்றியிருந்தார்.

"சின்ன வெங்காயம் போட்டிருக்கனுங்க அம்மணி. காய் பெருக்கற நேரம். சித்த வெரசாப் பாத்துக் குடுங்க" என்றார்.

"நாளானிக்குக் காலைல வந்து எடுத்துக்குங்கண்ணா" என்றேன். நாளை மறுநாள் என்று நான் தேதி சொன்னால் அது தப்பாது என்று ஊருக்கே தெரியும்.

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் சாக்கைப் பிரித்தார். மடிப்புக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கீழே விழுந்து நெளிந்தது. எலி என்று நினைத்து நான் ஸ்டூல்மேல் ஏறிவிட்டேன். பூனைக்குட்டி. சாம்பல் நிறத்தில் கோடு கோடாக, முகத்தைவிடக் காது பெரிதாக, ஒரு பக்கம் முழுக்க கிரீஸ் அப்பிக்கொண்டு நின்றது. அவர் தோட்டத்து மோட்டார் ரூம் மூலையில் கிடந்த சாக்கில் தாய்ப்பூனை அதைப் போட்டு வைத்திருக்க வேண்டும். பார்க்காமல் சாக்கோடு சுருட்டிவிட்டார்கள்.

எனக்குப் பூனை என்றாலே ஆகாது. அடுப்பு மேடையில் ஏறிப் பாலில் வாய் வைக்கும், துரத்தினால் முறைக்கும். அதற்குமேல் பூனையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வேறொரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றி, காய்வதற்காக உள்ளே பெரிய பல்பைப் போட்டு வைத்திருந்தேன். குட்டி நேராக அந்தச் சூட்டுக்குப் போய் ஒட்டிப் படுத்துக்கொண்டது. வார்னிஷ் நெடிக்கு மனிதர்களே தும்முவார்கள். வேறு வழியில்லாமல் தூக்கினேன். அதன் உடம்பு முழுக்க நெஞ்சாகவே அடித்தது. என் உள்ளங்கையில் அது ஒடுங்கியதும், எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இன்றுவரை அதற்கு நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

பக்கத்தில் மெத்தைக் கடை வைத்திருந்த பாய் வீட்டில் எப்போதும் நாலைந்து பூனைகள் இருக்கும். அவரிடம் போய் நின்றேன்.

"கெட்டிப் பால் வேண்டாமுங்க. வவுத்தால போயிரும். பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, வெதுவெதுப்பாக் குடுங்க. கொஞ்சம் தெம்பு வந்ததும் மீன் குடுத்துப் பழக்குங்க" என்று சொல்லி, ஒரு பிடி பஞ்சும் கொடுத்தார். பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு முன்னங்கால் இரண்டாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு சப்பியது. அன்று சாயந்தரம் வயர் கூடையில் துணி விரித்து அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். காலையில் அதே கூடையில் கடைக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் விவசாயி எட்டிப் பார்த்தார். தோளில் உர மூட்டை.

"ஏனுங்க அம்மணி, அந்தச் சாக்குக்குள்ள ஒரு பூனைக்குட்டி வந்துச்சுங்களா? தாய்ப்பூனை ரூமையே சுத்திச் சுத்திக் கத்திக்கிட்டுக் கெடக்குது."

"இருக்குதுங்கண்ணா."

"இப்பக் கையில மூட்டைங்க, பஸ்ஸுல தூக்க முடியாது. மோட்டாரு எடுக்க வாரப்ப அதையும் சேத்தி எடுத்துக்கறனுங்க."

சரி என்றேன். அவர் பஸ்ஸுக்குப் போனார். நான் அந்த மோட்டார் முன்னால் உட்கார்ந்தேன். பழைய கம்பியை எல்லாம் எடுத்தாயிற்று. கம்பி இரும்பில் படாமலிருக்க ஸ்லாட்டில் பேப்பர் வைத்தாயிற்று. இனி கம்பியைச் சுற்றி இறக்க வேண்டியதுதான். மோட்டார் முடிந்தால் குட்டி போய்விடும். இவ்வளவுதான் கணக்கு. நான் எழுந்து போய் வேறொரு மோட்டாரை எடுத்துவைத்துக்கொண்டேன்.

குட்டியை எனக்குக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள் நான். அவர் பூனை, தாயும் தேடுகிறது, எப்படிக் கொடுப்பார் என்று அவருக்கும் சேர்த்து நானே பதிலைச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சொன்னபடி வந்தார். "பேப்பர் சரியில்லீங்கண்ணா, வேற வாங்கோணும்" என்றேன். அதற்கு அடுத்த நாளும் வந்தார். "இந்தக் கேஜ் கம்பி இங்க கெடைக்கலீங்க. கோயமுத்தூர்ல இருந்து வரோணும்" என்றேன். வாய் கூசவேயில்லை. இரண்டு நாளும் அவர் குரல் உயரவில்லை. "சரிங்க அம்மணி, நாளைக்கு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போனார். போகும்போது மேஜைக்கு அடியில் குனிந்து, கூடைக்குள் குட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டார். "ஏம்புள்ள, கம்பி அலமாரியிலதான இருக்குது?"

நான் ஒரு முறை முறைத்தேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குள் குட்டிக்கு என் குரல் பழகியிருந்தது. கூப்பிட்டால் கூடையிலிருந்து தலையை நீட்டும். தரையில் விட்டால் சேலைக் கரையைப் பிடித்துத் தொங்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோனேன்.

ஐந்தாம் நாளும் விவசாயி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு நாள் தண்ணி உட்டாங்க. இனி அவங்களுக்கே பத்தாதுங்க. மேக்கால நாலு பாத்தி வாடிப்போச்சு" என்றார். புகார் மாதிரிச் சொல்லவில்லை, தகவல் மாதிரிச் சொன்னார். பிறகு கூடையைப் பார்த்தார். "அந்தத் தாய்ப்பூனையும் நேத்துல இருந்து கத்தறதில்லீங்க. எங்கயோ போயிருச்சு. குட்டிய நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. மோட்டாரு ஆனாப் போதுமுங்க."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மறைத்து என்ன பயன்? குட்டி எனக்கே என்று மனசு குதித்தது. அடுத்த நிமிடம் அவருடைய வியர்வை கண்ணில் பட்டது. அலமாரியைத் திறந்து கம்பியை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உட்கார்ந்து எண்ணிச் சுற்றி, ஒவ்வொரு காயிலாக ஸ்லாட்டுக்குள் இறக்கி, கம்பி வெளியே வராமல் மூங்கில் குச்சி அடித்து, நாடா போட்டுக் கட்டினேன். அன்றைக்கு ஓடிய மாதிரி என் கை அதற்கு முன்பு ஓடியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. அவரும் எழவில்லை. நாலு மணிக்கு முடித்துவிட்டேன்.

"வார்னிஷ் ஊத்திப் பல்பு போட்டு வெச்சாக் காலைல பூட்டிறலாமுங்கண்ணா."

அவர் தலையாட்டினார். பிறகு என் கையைப் பார்த்தபடியே, "கம்பி கோயமுத்தூர்ல இருந்து வந்துருச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இதற்கு மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "கம்பி எப்பவும் இங்கதாங்க இருந்துச்சு. மோட்டாரு முடிஞ்சாக் குட்டியக் கொண்டுட்டுப் போயிருவீங்கன்னுதான் தள்ளிப்போட்டேன். தப்புப் பண்ணிப்போட்டேனுங்கண்ணா" என்றேன். என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விவசாயி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் குனிந்து குட்டியின் நெற்றியை ஒரு விரலால் தடவினார்.

"கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பனுங்களே அம்மணி. அந்தத் தாயையும் சாக்குல புடிச்சுக் கொண்டாந்து உட்டிருப்பேன். ரெண்டும் ஒரே ஊட்டுல இருந்திருக்கும்" என்றார்.

மறுநாள் மோட்டார் ஏறிய டெம்போவில் நானும் ஏறினேன், கூடையை மடியில் வைத்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் மோட்டாரைப் பூட்டினார். கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் ஓடி மேற்குப் பக்கப் பாத்திகளுக்குள் இறங்கியது. அவற்றில் இரண்டு தேறும், இரண்டு தேறாது என்று விவசாயி சொன்னார். நான் கூடையை மோட்டார் ரூம் வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குட்டி கத்தினால் தாய்க்குக் கேட்குமே என்று அதைச் சீண்டிக்கூடப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துத்தான் கத்தியது. ரூமைச் சுற்றிவந்து எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் கூப்பிட்டேன். சாயந்தரம்வரை தாய்ப்பூனை வரவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவரிடம் போய் நின்றேன்.

"குட்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுங்களாண்ணா?"

"எடுத்துட்டுப் போங்க அம்மணி. தாய் திரும்பி வந்தா ஆள் உட்டுச் சொல்றனுங்க" என்றார்.

அந்தப் பூனை எங்கள் வீட்டில் பதினோரு வருடம் இருந்தது. அவரிடமிருந்து ஆள் வரவேயில்லை.