கேட்டுக்கு உள்ளே போகாத கணினி

செல்லக்கனிக்குச் சொந்த ஊர் அச்சங்குளம். அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் கரிசல் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்ற, ஊரில் பாதிப் பேரோடு சேர்ந்து அவர்களும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். செல்லக்கனி பத்தாம் வகுப்பு முடித்ததும் தட்டச்சுப் படிப்பில் சேரலாம் என்று ஐ.டி.ஐ.க்குப் போனாள். அங்கே இடம் முடிந்துவிட்டது. கட்டட வரைவாளர் பிரிவில் மட்டும் நாலைந்து இடம் கிடந்தது.

"அது பயலுக படிக்கிறதும்மா" என்றார் விண்ணப்பம் வாங்கிய எழுத்தர்.

"பொம்பள படிக்கக் கூடாதுன்னு எங்கயும் போட்டிருக்கா சார்?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. சேர்த்துக்கொண்டார். இருபத்திரண்டு பையன்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி.

படித்து முடித்ததும் திருத்தங்கலில் சீனிவாசகம் என்பவரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பட்டாசுக் கம்பெனி ஒன்று புதிதாக ஓர் அறை கட்ட வேண்டுமென்றாலும், லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் வரைபடம் கொடுக்க வேண்டும். மருந்து கலக்கும் அறைக்கும் பக்கத்து அறைக்கும் எத்தனை மீட்டர், அங்கிருந்து வேலிக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து வரைந்து கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். செல்லக்கனி முதலில் டிரேசிங் தாளில் மைப் பேனாவால் வரைந்தாள், பிறகு கம்ப்யூட்டரில். ஆனால் அளக்கப் போவதற்கு மட்டும் சீனிவாசகம் ஆண்களையே அனுப்பினார்.

"வெயில்ல பொம்பளப்பிள்ளைய அனுப்பச் சொல்றியா?" என்பார்.

"அங்கன வெயில்ல வேலை பாக்குறது பூராவும் பொம்பளைகதான அண்ணாச்சி" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்று வருஷம் கேட்ட பிறகு, ஓர் ஆள் விடுப்பில் போன நாளில் டேப்பைக் கையில் கொடுத்தார். அவள் கொண்டுவந்த அளவுகள் ஒன்றோடொன்று சரியாகக் கூடின. மற்றவர்கள் அளந்தால் எங்காவது ஓர் அடி இடிக்கும். அதன் பிறகு அளவு வேலை அவளுடையதாகிவிட்டது. கல்யாணமும் ஆயிற்று. கணவன் முனியசாமி கம்பெனி வேன் ஓட்டுபவன்.

2006 ஆடி மாதம், மதுரையிலிருந்து சாலமன்ராஜ் என்ற விற்பனைக்காரர் ஒரு கணினியோடு அலுவலகத்துக்கு வந்தார். பார்வைக்கு மடிக்கணினி மாதிரிதான் இருந்தது. ஆனால் திரையைப் பிடித்துத் திருப்பி மடக்கினால் சிலேட்டாகிவிடும். அதன் மேல் பேனாவால் எழுதலாம், வரையலாம். உள்ளே இருப்பது பெரிய கம்பெனி இன்ஜினியர்கள் வைத்திருக்கும் அளவுக்குச் சக்தி வாய்ந்த எந்திரம் என்றும், பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்றும் சாலமன்ராஜ் சொன்னார். விலை ஒரு லட்சத்துக்கு மேல். அலுவலகத்தில் இருந்த இன்னொரு வரைவாளர் இன்பராஜ், "எனக்கு மவுஸே போதும்" என்று கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் குடுங்க அண்ணாச்சி. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் செல்லக்கனி.

சீனிவாசகம் சிரித்தார். "கீழ போட்டிராத. பாத்துட்டு ஒரு பக்கம் எழுதிக் குடு. நல்லாருந்தா மூணு எடுக்கலாம்னு இருக்கேன்."

அவள் அதைச் சேலை எடுத்துப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். முதலில் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். "இது என்ன ரேட்டு?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நீங்க விக்கிற எதுவும் இந்த ரேட்டு இல்ல" என்றாள். இடது கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி வரைந்து பார்த்தாள். கால் மணி நேரத்தில் மணிக்கட்டு கடுத்தது. மடியில் வைத்தாள். முக்கால் மணி நேரத்தில் அடிப்பாகம் சேலையைத் தாண்டித் தொடையில் சுட்டது. வெளியே வெயிலில் கொண்டுபோனால் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது, கோடு தெரியவில்லை. பேட்டரி இரண்டே முக்கால் மணி நேரம் நின்றது. தமிழில் எழுதினால் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளத் தெரியாமல் ஏதோ ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். திரையின் நடுவில் பேனா வைத்த இடத்திலேயே புள்ளி விழுந்தது. மூலைக்குப் போகப் போக ஒரு நூல் அளவு தள்ளி விழுந்தது. இரும்பு ஸ்கேலைத் திரைமேல் வைத்துப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டாள். திரையில் ஒரு நூல் என்பது கம்பெனித் தரையில் ஒரு முழம். ஆகவே மூலையில் வரையக் கூடாது, படத்தை நடுவுக்கு நகர்த்தித்தான் வரைய வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

இத்தனை குறை சொன்னாலும் அந்தப் பேனா அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஏழெட்டு வருஷமாக மேசைமேல் மவுஸைத் தேய்த்துக்கொண்டு திரையைப் பார்த்தவள் அவள். கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில். இப்போது கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தன. உள்ளங்கையைத் திரைமேல் ஊன்றினாலும் அது பேனாவை மட்டுமே கேட்டது. முதல் நாள் ஒரு வேலியின் வளைவை ஒரே இழுப்பில் வரைந்துவிட்டு, "ஏத்தா!" என்று தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அளவு வேலை வந்தது. புதிதாக மூன்று அறைகள் கட்டியிருந்தார்கள். தீபாவளி ஆர்டருக்கு முன்னால் வரைபடம் போயாக வேண்டும். அன்று சீனிவாசகமும் காரில் வந்தார், கூடவே சாலமன்ராஜும். அந்தக் கம்பெனி முதலாளிக்குக் கணினியைப் பார்க்க ஆசை வந்திருந்தது. ஸ்டாக் கணக்குப் பார்க்கும் ஆளும் போர்மேனும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் குறிக்கலாம் என்று சாலமன்ராஜ் அவருக்குப் போனில் சொல்லியிருந்தார். பத்துக் கம்பெனிகளை வாங்க வைத்தால் சீனிவாசகத்துக்கு மூன்று கணினி பாதி விலைக்கு என்றும் பேச்சு. இது செல்லக்கனிக்கு அன்று காரில்தான் தெரிந்தது.

கேட்டில் போர்மேன் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். பக்கத்தில் ஒரு மர அலமாரி. உள்ளே போகிறவர்கள் செல்போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சீனிவாசகம் தன் போனை வைத்தார். சாலமன்ராஜ் வைத்தார். செல்லக்கனி போனோடு கணினிப் பையையும் அலமாரியில் வைத்தாள்.

"அத ஏன் வைக்கிற? எடுத்துக்க. உள்ள போயி வரஞ்சு காட்டணும், முதலாளி வர்றாரு" என்றார் சீனிவாசகம்.

"இது உள்ள போகாது அண்ணாச்சி."

"போன் இல்லம்மா இது."

"போன விடப் பெருசு. பேட்டரி இருக்கு, சூடாகுது, உள்ளுக்குள்ள காத்தாடி சுத்துது."

தனுஷ்கோடி தயங்கினார். "முதலாளி காலைல போன் பண்ணாரு. ஒரு மிஷின் வரும், விட்ருன்னாரு" என்று முணுமுணுத்தார். அவர் முகத்தில் சம்மதம் இல்லை. மறுக்கிற தைரியமும் இல்லை.

"மேடம், இது பாதுகாப்பான மிஷின். உலகம் பூரா வைச்சிருக்காங்க" என்றார் சாலமன்ராஜ்.

செல்லக்கனி பையைத் திறந்து கணினியை எடுத்தாள். வரும் வழியெல்லாம் காரில் அதில் வேலை பார்த்திருந்தாள். அதைத் திருப்பி, அடிப்பாகத்தைச் சாலமன்ராஜின் முன்கையில் வைத்தாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சரிங்க. மருந்து கலக்குற ரூமுக்குள்ள இதப் போட்டு வேலை பாக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு உங்க கம்பெனித் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. இப்பமே கொண்டு போறேன்."

சாலமன்ராஜ் சீனிவாசகத்தைப் பார்த்தார். "அப்படியெல்லாம் எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்ல மேடம்."

"எழுதித் தரப் பயமா இருக்குறத என் கையில குடுத்து உள்ள விடுறீக."

சீனிவாசகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "முதலாளியே சரின்னுட்டாரு. உனக்கென்ன வந்துச்சு?"

செல்லக்கனி கேட்டுக்குள் கையை நீட்டிக் காட்டினாள். அந்த நேரம் சாப்பாட்டு மணிக்கு முந்தைய நேரம். அறைகளுக்கு வெளியே பெண்கள் வெடிக்குழாய்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு.

"நான் பத்தாவது லீவுல இது மாதிரி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன் அண்ணாச்சி. எங்கம்மா பஞ்சம்மாள் சீட்டுக் கட்டி எடுத்துக் குடுத்த கொலுசு. முத நாளே கேட்டுல கழத்தச் சொன்னாக. கொண்டை ஊசியக் கூட வாங்கி வச்சாக. உரசுனா பொறி வரும்னு சொன்னாக. சரிதான், கழத்திக் குடுத்தேன். கூலிக்காரி கொலுசு உள்ள போகக் கூடாது, ஒரு லட்ச ரூவா மிஷின் மட்டும் போகலாமா? பொறிக்கு விலை தெரியுமா?"

"கொண்டு போறியா, இல்லையா?"

"மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராத."

"சரி அண்ணாச்சி. இன்னைக்கு அளந்து குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, டேப்பும் அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். கேட்டில் நடந்த பேச்சு அதற்குள் எப்படியோ கடைசி அறைவரை போயிருந்தது. ஒருத்தி, "எக்கா, நல்லாச் சொன்னீக" என்று காதோடு சொன்னாள். முதலாளி வந்தபோது சாலமன்ராஜ் காரில் உட்கார்ந்தபடியே அவருக்குக் கணினியைக் காட்ட வேண்டியதாயிற்று.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் செல்லக்கனி வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே, சாலையோர வேப்பமரத்தடியில், கணினியை மடியில் வைத்து, கீழே ஒரு அட்டைப் பெட்டியை மடித்துக் கொடுத்து, அளவுகளை வரைய ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷத்தில் மூன்று அறைகளும் வேலியும் படத்தில் வந்துவிட்டன. வரையும்போதே ஓர் இடத்தில் கோடு கூடவில்லை. இரண்டாவது அறைக்கும், வெடித்தால் தடுக்கப் போட்டிருந்த மண் மேட்டுக்கும் நடுவே ஓர் அளவு விட்டுப்போயிருந்தது. வழக்கமாக இது திருத்தங்கலுக்குப் போன பிறகுதான் தெரியும், மறுநாள் பஸ் ஏறி மறுபடி வர வேண்டும். கணினியைத் தனுஷ்கோடியின் அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய் அந்த ஓர் அளவை எடுத்து வந்து படத்தை முடித்தாள். வேலையை விட்டு நீக்கப்பட்டவள் செய்த வேலை அது. அதிலும் குறை இருக்கக் கூடாது என்பது அவளுடைய வீம்பு.

அன்று சாயங்காலம் முனியசாமி, "வேலை போயிருச்சாமே?" என்று கேட்டான். வேன் டிரைவர்களுக்குத் தெரியாத செய்தி கிடையாது.

"அப்படித்தான் சொன்னாரு. நாளைக்குப் போயிப் பாக்கணும்."

"வராதன்னாருல்ல?"

"அவரு கேட்ட ஒரு பக்கம் நான் இன்னும் எழுதிக் குடுக்கலையே."

எழுதினாள். எடை, சூடு, வெயில், மூலையில் தள்ளி விழும் புள்ளி, எல்லாவற்றையும் எழுதினாள். பேனாவைப் பற்றி ஆசையோடு எழுதினாள். கேட்டுக்கு வெளியே வைத்து வரைந்தால் இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடியும், ஒன்று வாங்கலாம், மூன்று வேண்டாம் என்று எழுதினாள். கடைசியில், "பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு உள்ளே இந்தப் பேனாக் கணினியைக் கொண்டுபோகக் கூடாது" என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் சீனிவாசகம் அதைப் படித்தார். வேலைக்கு வராதே என்று சொன்னதைப் பற்றிப் பேசவில்லை. "கடைசி வரிய அடிச்சிட்டு வேற தாள்ல எழுதிக் குடு. இத நான் கம்பெனிக்காரங்களுக்குக் காட்டணும்."

"அடிக்க மாட்டேன்."

"அது இருந்தா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"கம்பெனிக்காரங்க வாங்கக் கூடாதுன்னுதான எழுதியிருக்கேன்."

அவர் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். செல்லக்கனி அன்றே இன்னொரு தாளில் கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, முனியசாமி கையில் தனுஷ்கோடிக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் அதை அலமாரிக் கதவில் ஒட்டினார். முனியசாமி வேன் போகிற கம்பெனிகளில் எல்லாம் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னான், போர்மேன்மார்கள் அது என்ன என்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் எழுதிக்கொண்டார்கள். ஆவணி பிறக்கும்போது சாலமன்ராஜ் ஏறி இறங்கிய கம்பெனிகளில் ஒன்றுகூட வாங்கவில்லை. பாதி விலைப் பேச்சும் அதோடு போயிற்று.

சீனிவாசகம் அவளை நீக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அளவு வேலையைப் பிடுங்கி இன்பராஜிடம் கொடுத்தார். அவளைப் பழைய படங்களுக்கு நகல் எடுக்க வைத்தார். ரோஷத்தில் ஒரே ஒரு கணினியை முழு விலைக்கு வாங்கி இன்பராஜிடமே தந்தார். இன்பராஜுக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு வாரம் கழித்து அது அலமாரிக்குள் போய்விட்டது. புரட்டாசியில் லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இன்பராஜ் அளந்து வந்த இரண்டு படங்கள் கணக்குக் கூடவில்லை என்று திரும்பி வந்தன.

ஒரு திங்கட்கிழமை சீனிவாசகம் கணினியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"சாத்தூர் பக்கம் நாலு கம்பெனி இருக்கு. இந்த வாரத்துல முடியணும். அன்னைக்குப் பேசுனதுக்கு ஒரு வார்த்தை மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு எடுத்துக்க."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. தப்பாப் பேசியிருந்தாச் சொல்லுவேன்."

அவர் கணினியை அவள் பக்கம் தள்ளினார். "சரி, எடுத்துட்டுப் போ."

"இன்னொண்ணு இருக்கு." வரைபடத்தின் வலது கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருஷமாக அவள் வரைந்த எல்லாப் படத்திலும் அந்தக் கட்டத்தில் இன்பராஜின் முதலெழுத்துகள்தான் இருந்தன. ஆம்பளைப் பேர் இருந்தால் லைசென்ஸ் ஆபீஸில் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது சீனிவாசகத்தின் ஏற்பாடு. "இனிமே நான் வரையிற படத்துல எம் பேருதான் வரும். முழுப் பேரும்."

"அந்தக் கட்டம் ரெண்டு எழுத்துக்குத்தான் போட்டிருக்கு. உம் பேரு எம்புட்டு நீளம்!"

செல்லக்கனி பேனாவை எடுத்துக்கொண்டாள். "கட்டத்தப் பெருசாப் போட்டுக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு, சாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.