ராக்போர்ட்டில் கால் இறங்காத வீடு

டிசம்பர் மாதம், முதல் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ரவுண்ட் ராக்கிலிருந்து கிளம்பினோம். நானும் என் மகன் செந்திலும்தான். மருமகள் வித்யாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. வாசலில் நின்று, "அத்தை, பிடிக்கலைன்னா உடனே போன் பண்ணுங்க" என்றாள். "பிடிக்கும்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

போகிற ஊர் ராக்போர்ட். டெக்சாஸில் தெற்கே, கடலோரம். இருநூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே. நம் ஆட்கள் ஹூஸ்டன் கோயிலுக்குப் போவார்கள், சான் அந்தோனியோவில் படகு ஏறுவார்கள். ராக்போர்ட்டுக்குப் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். படிப்பு எனக்கு மூன்றாவதோடு சரி. எழுத்து கோணலாக இருந்தாலும் சொல்வது நேராக இருக்கும்.

போனது காரில் இல்லை. ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போனோம். கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் உள்ளே இருக்கிற பெரிய டிரெய்லர். அதன் மூக்கு பிக்கப் லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு கொக்கி. ஊர் போய்ச் சேர்ந்ததும் மூக்குக்குக் கீழே இரண்டு இரும்புக் கால்கள் இறங்க வேண்டும். பட்டனை அமுக்கினால் மோட்டார் இறக்கிவிடும். கால்கள் தரையில் ஊன்றி வீட்டைத் தாங்கின பிறகுதான் லாரியைக் கழற்றி ஓட்டிக்கொண்டு போகலாம். கால் இறங்கவில்லை என்றால் லாரியும் வீடும் ஒட்டின ஒட்டுதான்.

ஏன் போனேன் என்றும் சொல்ல வேண்டும். செந்தில் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மாடியில் பெரிய அறை. ஆனால் நான் மிளகாய் வறுப்பதா வேண்டாமா என்பதை, வீட்டிலிருந்தே அவன் பேசுகிற ஆபீஸ் மீட்டிங் முடிவு செய்யும். வீட்டுக்குள் குளிரா சூடா என்பதைச் சுவரில் இருக்கிற டப்பா முடிவு செய்யும். அறுபத்தொன்பது வயதில் எனக்கு என் சொந்தக் கதவு வேண்டும் என்று கேட்டேன். இந்த டிரெய்லரை ஆசையாக வாங்கினவன், இரண்டே தடவை எங்களைக் கூட்டிப்போனான். மற்ற நாளெல்லாம் வாடகைக்கு வண்டி நிறுத்துகிற ஒரு யார்டில் சும்மா நின்றது. "சும்மா நிற்கிறதை எனக்குக் கொடு. குளிர் முடிகிற வரைக்கும் கடலோரமாகப் போய் இருக்கிறேன்" என்றேன். மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் இறங்கி வந்தான். லாரி மட்டும் அவன் ஆபீஸ் சிநேகிதருடையது. மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பது மணிக்கு லூலிங். ஊருக்கு நடுவிலேயே எண்ணெய் இறைக்கிற பம்புகள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கின்றன. சிலவற்றுக்கு மாடு, குதிரை என்று வேஷம் போட்டுவிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் காபி இரண்டு டாலர். காபி என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். செந்தில் அதைக் குடித்துக்கொண்டே, "ஏம்மா, இப்பக்கூட ஒண்ணுமில்லை, யு-டர்ன் போட்டுடலாம்" என்றான்.

"இவ்வளவு நீட்டு வண்டியை வெச்சுக்கிட்டு நீ யு-டர்ன் போடுவியா சாமி? போட்டுக் காட்டு பார்க்கலாம்."

காபிக் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

கொன்சாலஸ், குவேரோ, கோலியாட் என்று வரிசையாக ஊர்கள். வழியெல்லாம் புல்வெளியும் முள்வேலியும் மாடுகளும்தான். கோலியாடில் ஒரு மரத்தடியில் நிறுத்திக் கட்டுச்சோறு பிரித்தோம். எலுமிச்சஞ்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும். அதற்கப்புறம் தரை சமமாகிக்கொண்டே போய், காற்றில் உப்பு ஏறியது. ராக்போர்ட்டில் ஓக் என்கிற கருவாலி மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. கடல்காற்று அப்படித் தள்ளி வைத்திருக்கிறது. ஆனாலும் ஒரு மரமும் விழவில்லை. எனக்கு அந்த மரங்களைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

ஒன்றே கால் மணிக்கு டிரெய்லர்கள் நிற்கிற பார்க்குக்குள் நுழைந்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் சிமெண்ட் தளம், தண்ணீர்க் குழாய், கரண்ட் கம்பம். எங்கள் இடம் கடைசி வரிசையில். பின்னால் நாணல், அதற்கும் பின்னால் தண்ணீர் பளபளக்கிறது. செந்தில் நாலு தடவை முன்னும் பின்னும் எடுத்து வண்டியை நேராக நிறுத்தினான். கீழே இறங்கிக் கால் இறக்குகிற பட்டனை அமுக்கினான்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உள்ளே நான் போட்டிருந்த விளக்கு ஒரு நொடி மங்கித் திரும்ப எரிந்தது. கால் அசையவில்லை.

மறுபடி அமுக்கினான். மறுபடி டக்.

போனில் வீடியோ பார்த்தான். ஃபியூஸை மாற்றினான். இன்னொரு சின்ன பட்டனைத் தேடிப் பிடித்து அமுக்கினான். மோட்டாரைச் சுத்தியலால் லேசாகத் தட்டினான். கையால் சுற்றி இறக்க ஒரு கைப்பிடி இருக்குமாம், பழைய சொந்தக்காரர் அதைத் தரவே இல்லை. மூன்று மணி ஆயிற்று. சட்டையெல்லாம் கிரீஸ்.

"அம்மா, இது வேலைக்கு ஆகாது. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மோட்டார்தான் போயிருக்கு. இன்னிக்கு ஆள் வரமாட்டான். அப்படியே இழுத்துட்டுத் திரும்பிடலாம்."

"நீ போ. நான் வரலை."

"லாரியைக் கழட்ட முடியாதும்மா. நான் போனா வண்டியும் வரும்."

"வரட்டும். நான் உள்ளதான் உட்கார்ந்திருப்பேன். ரவுண்ட் ராக் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போ."

"ஆள் உள்ள இருந்தா போலீஸ் பிடிப்பான்!"

"பிடிக்கட்டும். உன் அம்மான்னு சொல்லு."

சொன்னபடியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒருமுறை திரும்பிப் போனால் அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டான் என்று எனக்குத் தெரியும். வண்டியை விற்றுவிடுவான். நான் மாடி அறைக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் சத்தம் கேட்டு அடுத்த வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாள். கரோல் என்று பெயர். மினசோட்டாவிலிருந்து குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் இங்கே வந்துவிடுவாளாம். என்னைவிட மூத்தவள், தனி ஆள். அவள் சொன்னதைச் செந்தில் எனக்குச் சொன்னான். பாதியை முகத்தைப் பார்த்தே நான் புரிந்துகொண்டேன்.

"நான் கையை வெச்சுட்டுச் சொல்லும்போது பட்டனை அமுக்கு" என்றாள் அவனிடம். பேட்டரிப் பெட்டியைத் திறந்து வயர் மாட்டியிருக்கிற இடத்தில் விரலை வைத்தாள். அவன் அமுக்கினான். டக். மறுபடி, மறுபடி. சட்டென்று விரலை உதறினாள்.

"சுடுது! விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். மோட்டாருக்கு நிறைய வேணும். அது இங்க வந்து மாட்டிக்குது."

இரண்டு வயரையும் கழற்றினாள். உள்ளே மஞ்சளாக, காய்ந்துபோய், பொருக்குப் பொருக்காக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது என்ன, சாண்ட்விச்சில் தடவுகிற கடுகு விழுதா?"

நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

ஆயுதபூஜைக்குச் செந்தில்தான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனான். பேட்டரி தீரக்கூடாது என்று வயரைக் கழற்றிப் போட்டிருந்த நேரம். ஐயா கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கிறார். பேட்டரியின் இரண்டு கொம்புக்கும் தாராளமாக அப்பியிருக்கிறார். இன்று காலையில் அதன் மேலேயே வயரை மாட்டி முறுக்கியாகிவிட்டது.

"மோட்டார் போயிருச்சுன்னியே சாமி?"

"விடும்மா."

"அடுத்த வருஷம் பொட்டு வைக்கிறப்ப மோட்டாருக்கு மூச்சு விட இடம் விடு."

கரோல் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டாள். செந்தில் விளக்கினான். அவள் சிரிக்கவில்லை. "மிஷினுக்கு நன்றி சொல்ல ஒரு நாளா? நல்ல வழக்கம்தான். எனக்கும் ஒரு பொட்டு வேணும், என் ஹீட்டருக்கு" என்றாள். பொட்டு வெளியே வை, உள்ளே வேண்டாம் என்று நான் கையால் காட்டினேன்.

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துக் கொடுத்தேன். செந்திலே உட்கார்ந்து சுரண்டினான். வயரை மாட்டினான். பட்டனை அமுக்கினான். இந்தத் தடவை டக் இல்லை. உர்ரென்று மோட்டார் முனகியது. இரண்டு காலும் ஒன்றாக இறங்கி, கீழே போட்டிருந்த மரக்கட்டைகள் மேல் ஊன்றின. வீட்டின் மூக்கு மெல்ல எழும்பியது. கொக்கியை விடுவித்து அவன் லாரியை முன்னால் எடுத்தான். வீடு நின்றது.

அப்போதும் விடவில்லை. "அம்மா, இன்னிக்கு இது ஆச்சு. இன்னொரு நாள் காலைத் தூக்கணும்னா, திரும்ப மக்கர் பண்ணினா, தனியா என்ன பண்ணுவே?"

"தூக்கினாத்தானே மோட்டார் வேணும்? நான் எங்கடா தூக்கப் போறேன்?"

தண்ணீர்க் குழாய், கேஸ், கரண்ட் எல்லாம் பார்த்துக் கொடுத்துவிட்டு, கை கழுவ வெளியே போனான். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். பால் காய்ச்சினேன். ரவுண்ட் ராக் வீட்டை நினைத்துப் பார்த்தேன். அது இதைவிடப் பத்து மடங்கு பெரிசு. அங்கே எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே என் அறைக்குள் வரலாமா என்று கேட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை, பேசிக்கொண்டே வந்துவிடுவார்கள்.

ஐந்து மணிக்கு அவன் புறப்பட வேண்டும். வெளியே படியில் செருப்புச் சத்தம். கைப்பிடி ஒருமுறை அசைந்து நின்றது. அப்புறம் கதவைத் தட்டினான்.

"அம்மா, உள்ள வரலாமா?"

பால் பொங்கும் வரை காத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டு, "யாரு?" என்று கேட்டேன்.