பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தன

செவ்வாய்க்கிழமை காலை பெருமாளுக்குத் துளசி தொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து கஸ்தூரி அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். மாலையை முடிக்காமலே எழுந்தேன். சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோரும் "காய்ச்சலாம்" என்று பேசிக்கொண்டார்கள். அக்காவைக் கொன்றது காய்ச்சல் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், இந்த விஷயத்தில் இல்லை.

அக்கா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தீ விபத்துப் பயிற்சியும் அவர் பொறுப்புதான். ஒரு தடவை அதைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். சைரன் அடித்ததும் பெண்கள் டிபன் கேரியரோடு ஓடி வந்தார்கள். அக்கா வாசலில் மறித்தார்.

"மீன் கொழம்பு கீது மேடம்" என்றாள் ஒருத்தி.

"கொழம்பு ஏற்கெனவே வெந்தாச்சு. நீ வேகாம வா, ஏட்டி. கை ரெண்டும் காலியா இருக்கணும்."

அன்று எல்லோரும் சிரித்தோம்.

பிறகு கம்பெனி அவரை டெல்லிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. முதல் விமானப் பயணம். எங்கள் பூஜையிலிருந்த சின்ன வெள்ளி நரசிம்மரை அவர் கைப்பையில் வைத்து, "எது போனாலும் இந்தப் பையை வுட்றாதீங்க அக்கா" என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வரும்போது விமானத்தின் இடப்பக்கச் சக்கரம் இறங்கவில்லை. சென்னைக்கு மேலே சுற்றிச் சுற்றி எரிபொருளைத் தீர்த்துவிட்டு, ஒரு பக்கம் தரையில் உரச இறக்கினார்கள். விமானி கெட்டிக்காரர், அதுவரை யாருக்கும் ஒன்றுமில்லை. கதவைத் திறந்து, காற்றடைத்த சறுக்குப் பாதையை விரித்து, "எதையும் எடுக்காதீங்க, இறங்குங்க" என்று பணிப்பெண்கள் கத்தியிருக்கிறார்கள். ஆனாலும் வழியை அடைத்துக்கொண்டு நின்று பெட்டி இறக்கினார்கள், படித்தவர்கள். அக்கா கைப்பையை இருக்கையிலேயே விட்டார். முன்னால் போன வயதான அம்மாவின் கூடையையும் பிடுங்கிப் போட்டார். சறுக்கி இறங்கியதும், கீழே எழ முடியாமல் கிடந்த அந்த அம்மாவைத் தூக்கக் குனிந்தார். மேலிருந்து ஒருவர் தம் பெட்டியை முதலில் தள்ளிவிட்டார். அது அக்காவின் முதுகில் வந்து விழுந்தது.

மறுநாள் பேப்பரில் எல்லோரும் பிழைத்ததாகப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருந்த அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வியை மறைக்கக் கூடாது.

"பெருமாளை வுட்டுட்டா வந்தீங்க?"

அக்கா சிரித்தார். "அவர நான் தூக்கணுமா தங்கச்சி, என்னைய அவர் தூக்கணுமா?"

விமானம் எரியவில்லை. உள்ளே விட்ட சாமான்கள் எல்லாம் பத்தாம் நாள் வீடு வந்து சேர்ந்தன. என் நோட்டில் குறித்திருக்கிறேன்: கைப்பை, சீப்பு, சால்வை, நரசிம்மர். ஒரு கீறல் இல்லை. பெட்டியைத் தள்ளிய அந்த மனிதர் அதை உள்ளேயே விட்டிருந்தால் அதுவும் தானாக வந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த மனிதர் ஒரு தடவை அக்காவைப் பார்க்க ஆப்பிளோடு வந்தார். "சர்டிபிகேட்லாம் அதுல இருந்துது மேடம். எரிஞ்சு பூடும்னு பயந்துட்டேன்."

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் அக்கா.

அவர் ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பினார். பேரை வெளியே சொல்லாதே என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இல்லையென்றால் இங்கே பெரிய எழுத்தில் போட்டிருப்பேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் பையோடுதான் சறுக்கியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு வந்தது, அவ்வளவுதான்.

அக்கா மூன்று வருஷம் எங்கள் முன்னறையில் படுத்திருந்தார். நான் புரட்டிப் புரட்டி விட்டும் முதுகில் புண் வந்தது. சீழ் ரத்தத்தில் ஏறித்தான் காய்ச்சல், மறுபடியும் ஆஸ்பத்திரி. அந்த விமானத்தில் ஓர் உயிர் போனது என்று எந்தப் பேப்பரும் இனிமேல் திருத்திப் போடப்போவதில்லை. நான் போடுகிறேன். போனது.

புதன்கிழமை, தூக்குவதற்கு முன் நரசிம்மரை அக்காவின் கையில் வைக்கப் போனேன். வாசலில் கம்பெனிப் பெண்கள் யூனிபார்மோடு நின்றார்கள். மீன் குழம்புக்காரியும் இருந்தாள். ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்கள். ஒருத்தி கையிலும் பை இல்லை. தெருமுனையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். நரசிம்மரைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கை ரெண்டும் காலியாகத்தான் அனுப்பினோம், அக்கா. இனி அவர் தூக்கிக்கொள்ளட்டும்.