முழுக்கைச் சட்டையும் நர்சிங் சீட்டும்

எங்க நெட்டையைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவ பிடிவாதத்தைத்தான் சொல்லணும். என் தம்பி மக. அஞ்சு வயசுல அம்மாவைப் பறிகொடுத்துட்டு என் மடிக்கு வந்தவ. வளர்த்தி அப்படி, அதனால பேரைச் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல. தம்பி தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. ரெண்டு மெஷின், துணி வெட்டுற பலகை, ஜன்னலோரம் என் முக்காலி. அவன் வெட்டித் தைப்பான், நான் காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன், கை ஓரம் மடிச்சுத் தைப்பேன். முப்பது வருஷமா இதான் என் உத்தியோகம்.

அந்தக் கடையிலயே பிறந்து வளர்ந்த கழுதைக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனா தெருவுல எவன் விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டாலும் நேரா எங்க வாசப்படிக்குத்தான் வருவான். கழுவி, துடைச்சு, கட்டுப் போட்டு, ரெண்டு திட்டும் திட்டி அனுப்புவா. பன்னெண்டாவது முடிச்சதும் எங்ககிட்ட மூச்சு விடாம நர்சிங் பள்ளிக்கு எழுதிப் போட்டிருக்கா, கள்ளி. ஒருநாள் கடிதம் வந்து நிக்குது. சீட்டு கிடைச்சிருச்சாம். இன்னும் இருபது நாள்ல, திங்கக்கிழமை காலை பத்து மணிக்குள்ள வந்து சேரணுமாம். கூடவே ஒரு பட்டியல்: வெள்ளை யூனிஃபார்ம் மூணு செட்டு, வினாடி முள் உள்ள கடிகாரம், தடுப்பூசிச் சீட்டு, பெற்றோரோ காப்பாளரோ நேர்ல வந்து போடுற கையெழுத்து. பத்தைத் தாண்டினா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்.

தம்பி கடிதத்தை ரெண்டு தடவை படிச்சான். பலகை மேல வச்சான். அது மேல தன் கத்திரியை வச்சான். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டான்.

அப்புறம் நாலு நாள் கழிச்சு வாயைத் திறந்து, ராத்திரி வேலை ஆகாது, விடுதிச் சாப்பாடு ஆகாது, தூரம் ஆகாதுன்னு அடுக்கினான். எல்லாம் சும்மா. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தப்போ பக்கத்துல இருந்தது நான்தான். இருபது இருபத்திரண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி வந்து அவன் உடம்பைத் துடைச்சு, துணி மாத்தி, புரட்டிப் படுக்க வச்சா. அவ பாட்டுக்கு வேலையைப் பார்த்தா. இவன்தான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். அந்தக் கூச்சம் இன்னும் போகல. தன் பொண்ணு நாளைக்கு எவனோ ஒருத்தனுக்கு அப்படிச் செய்யப் போறாளேன்னு நினைச்சா அவனுக்கு உடம்பு கூசுது.

நெட்டை அசரலையே. பழைய புத்தகக் கடையில ஒரு உடற்கூறு புத்தகம் பிடிச்சா. துணி மாட்டுற பொம்மைக்கு சாக்பீஸால எலும்பு வரைஞ்சா. கூரியர்காரர் வந்தா அவர் மணிக்கட்டைப் பிடிச்சு நாடி எண்ணிட்டுத்தான் பார்சலை வாங்குவா. அவரும் பாவம், ரெண்டாவது வாரத்துல தானாவே கையை நீட்டினார். நோயாளி படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாத்தணுமாம், அந்தப் பயிற்சிக்கு நோயாளி யாரு? நான். சாயங்காலம் ஆனா என்னைக் கட்டில்ல போட்டு இப்படி உருட்டு, அப்படி உருட்டு. ஒருநாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் விழுந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அதுக்கும் அவதான் ஒத்தடம் கொடுத்தா. போற போக்குல என்னைக் கொன்னுட்டுத்தான் நர்ஸ் ஆவான்னு நினைச்சேன்.

பத்து நாள் மிச்சம் இருக்கும்போது அப்பன் முன்னாடி போய் நேரா நின்னா. அவன் ஒரு ஆளுக்குத் தோள் அளவு எடுத்து முடிச்சிருந்தான், டேப் கழுத்துல தொங்குது. அந்த ஆள் தெருவுல இறங்கினதும் கேட்டா: "தினம் பத்துப் பேரு உடம்பைத் தொட்டு அளவெடுக்கறீங்க. ஆம்பளை, பொம்பளை எல்லாரும் வர்றாங்க. அது தொழில்னா, நான் செய்யப் போறது மட்டும் என்னப்பா?"

என் தம்பிக்கு முகம் செத்துப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள விசில் அடிக்கணும் போல இருந்துச்சு, ஆனா நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணு நாள் அவன் எங்ககூட உக்காந்து சாப்பிடல. நாலாவது நாள் வெள்ளைத் துணி வாங்கிட்டு வந்து பலகையில விரிச்சான். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

அங்கதான் இருந்துச்சு வினை. கடிதத்துல சட்டைக் கை முழங்கைக்கு மேலதான் இருக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. இவன் மூணு செட்டுக்கும் மணிக்கட்டு வரைக்கும் முழுக்கை வச்சான். பட்டி வேற, பட்டிக்கு ரெண்டு ரெண்டு பட்டன். நல்லாத் தைச்ச சட்டையை எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்னு சொல்லாதுன்னு அவன் நினைப்பு. பன்னெண்டு காஜாவும் எடுத்தது யாரு? நான்தான். தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அந்த வெட்கம் எனக்கு இப்பவும் இருக்கு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், மறுநாள் போகணும், சட்டையை மடிச்சு மக கையில கொடுத்தான். இதைப் போட்டுக்கிட்டா நாளைக்குக் கூட வந்து கையெழுத்துப் போடுறேன், இல்லன்னா நான் வரலைன்னான். நெட்டை பிரிச்சுப் பார்த்தா. கத்தல, அழல. ஒரு நோயாளியைத் தொட்டா முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் அடுத்தவரைத் தொடணும், இந்த முழுக்கை நனைஞ்சா ஒருத்தர் நோயை இன்னொருத்தர்கிட்ட நானே கொண்டு போய்ச் சேர்ப்பேன்னு பொறுமையா சொன்னா. அவன், ஆஸ்பத்திரி பூரா ஆம்பளைங்கன்னான். அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அவன் கத்திரியை நான்கூட முப்பது வருஷத்துல தொட்டதில்ல. வேற கை பட்டா கூர்மை போயிடும்பான். நெட்டை அதை எடுத்தா. சட்டையைப் பலகையில போட்டா. கோடு போடல, அளக்கல, கறுக் கறுக்குன்னு வெட்டினா. மூணு சட்டை, ஆறு கை. துணி வெட்டத் தெரியாதவ வெட்டினா எப்படி இருக்கும்? ஒண்ணு கோணல், ஒண்ணு ஏத்தம், ஒண்ணு அதுக்கும் மேல ஏறிப் போச்சு. தம்பி அதைப் பார்க்க மாட்டாம செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினான். வாசல்ல நின்னு என்கிட்ட மட்டும் சொன்னான்: "அக்கா, நீ அதுல ஊசி வைக்காதே."

அவன் தெருமுனை திரும்பறதுக்குள்ள நான் வெள்ளை நூலைக் கோத்துட்டேன். இருக்கறதுலயே ஏத்தமா வெட்டின கைக்குச் சமமா மீதி அஞ்சையும் வெட்டி, மடிச்சு, தைச்சேன். பக்கத்துல உக்காந்து ஊசியில நூல் கோத்துக் கொடுத்துக்கிட்டே அவ அழுதா. அப்பத்தான் அழுதா. அப்பா வராம சீட்டு போயிடுமோன்னு கேட்டா. போகாது, மூக்கைத் துடை, துணியில ஒழுகப் போகுதுன்னு அதட்டினேன்.

திங்கக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நானும் அவளும் ஆபீஸ் ஜன்னல்ல நின்னோம். உள்ள ஒரு அம்மா, கண்ணாடி மூக்கு நுனியில. சட்டைக் கையைப் பார்த்து ரெண்டு விரல் ஏறிப் போச்சேன்னாங்க, பரவாயில்லன்னாங்க. அப்பா எங்கன்னு கேட்டாங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லச் சொல்லி அவளைக் கிள்ளினேன். அவ சொல்லல. "அவருக்கு இஷ்டம் இல்ல மேடம். எனக்கு இருக்கு. படிக்கப் போறது நான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. அஞ்சு வயசுலேர்ந்து நான்தான் வளர்க்கறேன், நான் போடலாமான்னேன். போடலாம், ஆனா படிப்பு முடியற வரைக்கும் நல்லது கெட்டது எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு, நாளைக்கு அவங்க அப்பா வந்து சண்டை போட்டா என்ன பண்ணுவீங்கன்னாங்க.

"வரட்டும். என்கிட்ட அனுப்புங்க. அவன் எனக்குத் தம்பிதான்" அப்படின்னேன்.

காஜா எடுத்தா மயிரிழை பிசகாத கை, பேனாவையும் ஊசி மாதிரி நுனியிலதான் பிடிச்சுது. எழுத்து எழுத்தா என் பேரை எழுதி முடிக்கும்போது கடிகாரத்துல பத்துக்கு ரெண்டு நிமிஷம். நெட்டை பெட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போனா. திரும்பிக்கூடப் பார்க்கல, திமிர் பிடிச்சவ.

வீட்டுக்கு வந்தேன். தம்பி மெஷின்ல இருந்தான். நிமிரல. சேர்த்துக்கிட்டாங்களான்னு கேட்டான். சேர்த்துக்கிட்டாங்கன்னேன். கால் மிதிக்கறதை நிறுத்தினான். கையெழுத்து யாரு போட்டான்னு கேட்டான். நான்தான்னேன்.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

பள்ளிக்கூடத்துல இருந்து என்னை நிறுத்தினப்போ எங்க அப்பாவைக் கேட்டு நின்னேன். கல்யாணத்துக்கு எங்க மூத்த அண்ணனைக் கேட்டுத் தலையாட்டினேன். அது முறிஞ்சப்போ எல்லாரையும் கேட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு இப்ப வயசு அம்பத்தி மூணு.

"யாரையும் கேக்கல" அப்படின்னேன்.