ஒண்ணு நீ, ஒண்ணு காலி

செத்துப்போனவர்களின் கண்ணைத் திறந்துவிடுவதில் எங்கள் மாமாவை மிஞ்ச விழுப்புரத்தில் ஆள் கிடையாது. கேட்பவர்களுக்கு ஏதோ பில்லி சூனியம் போல இருக்கும். அதெல்லாம் ஒன்றுமில்லை. அம்மாவின் தம்பியான அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். வயசானவர்கள் பலபேர் உருப்படியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டுமே என்று, நாற்காலியில் சாத்தி வைத்திருக்கும் உடம்பையே செல்போனில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள். மாமா கம்ப்யூட்டரில் அந்த முகத்தைப் பெரிதாக்கி, மூக்குப் பஞ்சை எடுப்பார், நெற்றிக் காசை எடுப்பார், தாடைக்கட்டை அவிழ்ப்பார். கடைசியாக வேறு யாருடைய கண்ணையாவது கொண்டுவந்து பொருத்துவார். "ஆங், இப்பப் பாருங்க, முழிச்சிக்கினாரு" என்பார். வந்தவர்கள் அதற்கப்புறம்தான் அழ ஆரம்பிப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும், அம்மா வேலையிலிருந்து வரும்வரைக்கும் நான் அந்த ஸ்டுடியோவில்தான் கிடப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயசு. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து நானாகவே ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். படத்தில் கண் மூடியிருந்தால் செத்தவர். திறந்திருந்தால் உயிரோடு இருப்பவர். யார் படம் வந்தாலும் மாமா சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, முகையூர் அக்கா வரும்வரைக்கும்.

அந்த அக்காவுக்கு என் அம்மாவின் வயசுதான் இருக்கும். ஊர் முகையூர். மாமா அவரை அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். வந்ததும் மாமா என்னைப் பன் வாங்கிவரச் சொல்லிக் கடைக்குத் துரத்திவிட்டார். திரும்பி வந்தபோது மேஜைமேல் ஒரு படம் இருந்தது. முந்தைய வருஷம் ஒரு காதுகுத்தில் மாமாவே எடுத்த படம். என் வயசுப் பெண் ஒருத்தி, ரெட்டைப் பின்னலும் ரிப்பனுமாக, முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. சரி, உயிரோடு இருக்கிற பெண் என்று முடிவுகட்டிவிட்டேன்.

படத்துக்குப் பக்கத்தில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். "சென்னையில் போட்டோ எடுக்கும் இடங்கள்" என்று கோணல் எழுத்தில் தலைப்புப் போட்டு வரிசையாக எழுதியிருந்தது. லைட்ஹவுஸ் மேலே. நகரும் படிக்கட்டு. கடல், கால் நனையணும். பிளேன் பக்கத்தில். அடியில் இரண்டு கோடு போட்டு, "எல்லா போட்டோவிலும் நான் மட்டும். தம்பி வேண்டாம்."

என்ன திமிர் பாருங்கள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்தப் பெண் பத்து மாதத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். முழுப்பரீட்சை லீவில் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். லீவு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வருஷம் திரும்புவதற்குள் அந்த நாலு இடத்திலும் மகள் நிற்கிற மாதிரி பார்த்துவிட வேண்டும், முகையூர் அக்காவுக்கு வேறு எதுவுமே வேண்டாம். இத்தனையும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குக் கேட்டதற்கு மாமா, "இந்தப் பொண்ணு சென்னைக்கு வரப்போறா. நீயும் வர்றே" என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது.

அடுத்த ஒரு வாரம் மாமா வேறு வேலையே பார்க்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் சென்னையைப் படமாக வரைந்தார். மாமாவும் சென்னைக்கு மூன்று நான்கு தடவைதான் போயிருப்பார். எந்த ரயில், எங்கே இறங்கணும், எங்கே வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்று போனில் யார் யாரையோ கேட்டுக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"இது இன்னா மாமா?"

"அவ நிக்கிற எடம். கடலுக்குக் காலையில போனா மூஞ்சி இருட்டடிக்கும். மத்தியானத்துக்கு மேல போனா வெயிலு அவ மூஞ்சியில நேரா வுழும். படிக்கட்டுல மூணாவது படியில நிப்பா."

ஸ்டுடியோ சுவரில் என்னை நிற்கவைத்து உயரம் பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பென்சில் கோடு இருந்தது. முகையூர் அக்கா தன் வீட்டு நிலைக்கதவில் போட்டிருந்த கோட்டை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை வைத்து மாமா போட்ட கோடு. என் உச்சந்தலை சரியாக அந்தக் கோட்டில் முட்டியது. மாமா ஸ்கேலை வைத்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "மயிரளவுகூட வித்தியாசம் இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கல்யாண ஆர்டர் எதுவும் இல்லாததால் திங்கட்கிழமை போவதாக முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் மாமாதான் எழுதினார். காய்ச்சல் என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, சொந்தக்காரர் கல்யாணம் என்று புதிதாக எழுதினார்.

திங்கட்கிழமை காலை முகையூர் அக்கா எங்களுக்கு முன்னால் விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்தார். கையில் ஒரு ரோஸ் கலர் கவுன், கடைச்சீட்டுகூடப் பிரிக்காத புதுசு. வெயிட்டிங் ரூமில் அவரே எனக்குப் போட்டுவிட்டார். முதுகுப்பக்கம் பொத்தானைப் போட்ட கை பிடரியில் அப்படியே நின்றுவிட்டது. கை ஐஸ்கட்டியாக இருந்தது. என் தலையில் அப்போது பின்னல் எல்லாம் கிடையாது. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் போட்ட மொட்டை அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருந்தது. அந்த முள்ளுத்தலையை அவர் பார்க்கவே இல்லை. கழுத்துக்குக் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலியா அக்கா?"

"நான் வந்தா மாமாவுக்கு வேலை ஓடாது கண்ணு. நீங்க ஜல்தியா போய்ட்டு வாங்க" என்று ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே ஒரே மாதிரி இரண்டு டிபன் டப்பாக்கள். இரண்டிலும் புளிசோறு.

பாசஞ்சர் ரயிலில் நல்ல கூட்டம். மாமா அந்தப் பையை என் பக்கத்து இடத்தில் வைத்தார். திண்டிவனத்தில் ஒரு கும்பலே ஏறியது. நின்றார்கள், தொங்கினார்கள், வாசப்படியில் குந்தினார்கள். யாரும் அந்தப் பையை எடுத்து மடியில் வையுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களாவது ஒரு இடத்தை விடுவதாவது! அந்தப் பெண் தாம்பரத்தில் ஏறுவாளாக்கும், அதற்குத்தான் மாமா இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திண்டிவனத்தில் மாமா வாங்கிய மல்லாட்டைக் கடலைகூட இரண்டு பொட்டலம்.

தாம்பரத்தில் யாரும் ஏறவில்லை.

விமானம் தாழப் பறக்கும் இடத்தில் முதல் படம். என்னைப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நிற்கவைத்து எடுத்தார். பிறகு, "நவுரு" என்றார். நான் நகர்ந்ததும் அடுத்த விமானம் வரும்வரை காத்திருந்து, ஆளே இல்லாத அந்த இடத்தைத் திரும்ப எடுத்தார்.

"எதுக்கு மாமா சும்மா எடுக்கறீங்க?"

"ஒண்ணு நீ, ஒண்ணு காலி. அப்பதான் வேலை சுத்தமா வரும்."

என் தலைக்குப் பதில் அவள் தலையை வைக்கும்போது, முடியைச் சுற்றிப் பின்னால் இருப்பதைச் சரிபண்ண ஆளில்லாத படம் ஒன்று வேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது ரொம்பச் சாதாரணம். எனக்கு அது தெரியாது. நகரும் படிக்கட்டில் மூன்றாவது படியில் என்னை நிற்கவைத்து எடுத்தார். பயத்தில் கவுனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் மேலே போய் நின்று பார்த்தேன். கீழே மாமா காலிப் படிகளுக்கு நேராகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "ரெடி... சிரிம்மா" என்றார்.

இருபது வருஷம் குழந்தைகளைப் படமெடுத்த வாய், பழக்கத்தில் வந்திருக்கும். ஆனால் கிளிக் செய்த பிறகு அவர் கேமராவை இறக்கவே இல்லை. எனக்கு எதுவோ தோன்றிப் படிகளைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக யாருமில்லாமல் மேலே வந்து, என் காலடியில் மடங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஓடிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கீழே போவதற்கும் அதே மாதிரி நகரும் படிதான் என்பதால் அங்கேயே நின்று அழுதேன்.

கடற்கரையில் பசி தாங்காமல் ஒரு டப்பாவைத் தின்று தீர்த்துவிட்டு இன்னொன்றைக் கேட்டேன். "அது ஒன்னுது இல்ல" என்றார் மாமா. அதைத் திறந்து ஒரு காகிதத்தில் கொட்டி, மணலில் வைத்து, காக்கா காக்கா என்று கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரே ஒரு காக்கை வந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வராத பெண்ணின் சோற்றைப் பசியோடு இருக்கிற எனக்குத் தராமல் காக்காவுக்கு வைக்கிற மனுஷன் என்ன மனுஷன் என்று நான் கறுவிக்கொண்டேன்.

முட்டிக் காயத்தில் தண்ணீர் தெறிக்க, அலையில் கால் நனைய நின்றேன். ஒண்ணு நீ, ஒண்ணு காலி. நான் விலகிய பிறகும் ஈர மணலில் என் கால் தடம் இரண்டும் இருந்தன. மாமா அலை வந்து அதை அழிக்கட்டும் என்று காத்திருந்தார். நாலு அலை வந்தது. தடம் வரைக்கும் வந்து வந்து திரும்பியது. ஐந்தாவது அலைக்குத்தான் போயிற்று.

கடைசியாக லைட்ஹவுஸ். கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை என்று போர்டு தொங்கியது. எந்த நிமிஷத்தில் எந்த மூலையில் வெயில் விழும் என்று எழுதி வைத்திருந்த மனுஷருக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. கைப்பிடிச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் பாத்தேன், இத்தப் பாக்கலியே. அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்றார். மாமா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கீழேயே நிற்கவைத்து ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டில் அம்மா, "ஏதுடி இந்தக் கவுனு?" என்று கேட்டார். ஷூட்டிங்குக்கு மாமா கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். நான் பெரிய நியாயவாதி ஆயிற்றே! அந்தப் பெண் வராததையும், அவள் சோற்றை மாமா காக்காவுக்கு வைத்ததையும் புகாராகவே சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தம்பியைப் பார்த்து, "அந்த முகையூருப் பொண்ணோடதா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒனக்கு எம்பொண்ணுதான் கெடைச்சாளாடா?"

அவ்வளவுதான். வாசலிலேயே கவுனை உருவிப் போட்டு, குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார். உப்பும் மிளகாயும் மூன்று தடவை சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை என்று மறுபடியும் சுற்றினார். சென்னையில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா ஸ்டுடியோவுக்குப் போகவிடவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த சனிக்கிழமை திருட்டுத்தனமாகப் போனபோது முகையூர் அக்கா அங்கே இருந்தார். முன்னால் மேஜைமேல் படங்கள். ரோஸ் கவுனில், ரெட்டைப் பின்னலில், முன்பல் இல்லாமல், மூன்றாவது படியில் நின்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கடலில் நின்று சிரித்தாள். விமானத்துக்குக் கீழே நின்று சிரித்தாள். எல்லாப் படத்திலும் அவள் மட்டும். நான் எங்கேயும் இல்லை.

லைட்ஹவுஸ் மேலே நிற்கிற மாதிரி ஒன்று செய்து தரக்கூடாதா என்று அக்கா கேட்டிருப்பார் போல. "மேல ஏறாமலே ஏறுன மாதிரி போட்டா அது பொய்யிக்கா" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். தலையையே மாற்றிவைத்த மனுஷருக்கு அது மட்டும் பொய்யாகப் பட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இது என் காலு! முட்டியில காயம் பாருங்க. கையும் என்னுது. அவ வரவே இல்ல!" என்று கத்திவிட்டேன்.

மாமா அடிக்கக் கையை ஓங்கினார். அக்கா தடுத்தார். கீழே குந்தி, என் பாவாடையைக் கொஞ்சம் விலக்கி, முட்டியில் இருந்த காயத்தைப் பார்த்தார். பிறகு படத்தில் பார்த்தார். கோபிக்கவில்லை. அந்தக் காயத்தை விரலால் தடவி, "கடல் தண்ணி பட்டப்போ எரிஞ்சுதா கண்ணு?" என்றார்.

"கொஞ்சம் எரிஞ்சுது."

"தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?"

எனக்குக் கோபம் போய்விட்டது. கேட்பதற்கு ஆள் கிடைத்தால் சும்மா இருப்பேனா? காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போனது, படிக்கட்டில் கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, விமானத்தின் சத்தத்தில் காதைப் பொத்தியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் திறக்கவே இல்லை. மூடிய கண்ணுக்கு அந்த ஸ்டுடியோவில் என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியுமே. "மாமா, அக்கா கண்ண மூடிக்கினாங்க! தெறந்து வுடுங்க மாமா!" என்று அலறினேன்.

மாமா கம்ப்யூட்டர் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அக்காவே கண்ணைத் திறந்தார். இரண்டும் சிவந்து வழிந்துகொண்டிருந்தன. ஆனாலும் சிரித்தார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பாவம், மகளுக்கு லைட்ஹவுஸ் ஒன்று பாக்கி என்றுதானே அழுகிறார் என்று, நானே அனுபவப்பட்ட விஷயத்தைச் சொல்லி வைத்தேன். "அக்கா, நீங்க அவளக் கூட்டிக்கினு போறப்போ திங்கக்கெழம மட்டும் போவாதீங்க. லைட்ஹவுஸ் லீவு."

அவர் படங்களை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"சரி கண்ணு. செவ்வாக்கெழமையாப் பாத்துக் கூட்டிக்கினு போறேன்" என்றார்.

பெரியவர் ஒருவருக்கு உருப்படியான யோசனை சொன்ன பெருமையில் அன்று சாயங்காலம் முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.