ராஸ் லஃபானில் பழைய ஆங்கில வீரர்கள்

சேஃப்டி ஆபீசர் உத்தியோகத்துக்கு முதல் தகுதி தொண்டை. சர்டிபிகேட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பச்சை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கொட்டாவி விடும் நாற்பது பேர் முன்னால் விடிகாலையில் நின்று பேசியிருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிறவியிலேயே சன்னக் குரல். சின்ன வயதில் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு கதை கேட்டுத்தான் விழுங்குவேனாம். அந்தப் பழக்கம் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் கொண்டுபோய் விட்டது. அதிலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்ஸன் வீரப்பாடல்கள் என்றால் உயிர். அதை வைத்துக்கொண்டு யார் வேலை தருவார்கள்? ஆறு மாத சேஃப்டி டிப்ளமா ஒன்றைச் சேர்த்துக்கொண்டு கத்தாருக்கு, ராஸ் லஃபான் எரிவாயு சைட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் மேனேஜர் கிரஹாம் இங்கிலாந்துக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூன்று மாதம் புரோபேஷன். உன் பேச்சு கடைசி வரிசை ஆளுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நீ வீட்டுக்குப் போய்ச் சேர்வாய்."

முதல் டூல் பாக்ஸ் டாக்

வேலை தொடங்குமுன் பத்து நிமிஷம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் தொழிலில் டூல் பாக்ஸ் டாக் என்று பெயர். கையில் கொடுத்த தாளை அப்படியே வாசித்தேன். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் இருந்தவரே காதைக் குவித்தார். கடைசி வரிசையில் இருவர் நின்றபடியே தூங்கினார்கள். அந்தத் திறமை வளைகுடாவில் பல பேருக்கு உண்டு.

முடித்ததும் ஃபோர்மேன் மாரிமுத்து அண்ணன் வந்தார். ராமநாதபுரம் பக்கம், பதினெட்டு வருஷ சர்வீஸ். தோளில் கை போட்டு, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, இம்புட்டு ரகசியமா யாருகிட்ட சொன்னீங்க?"

ராசாவும் மெஸ்ஸும்

இரண்டாவது வாரம் ஒருநாள் பிரிண்டர் மக்கர் செய்தது. கையில் தாள் இல்லை. நாற்பது பேர் நிற்கிறார்கள். வாயில் வந்தது கதைதான். "ஒரு ஊர்ல ஒரு ராசா. அரண்மனையில பெரிய கூடம். தன் வீரர்களோட ஒரே பெஞ்சில உக்காந்து சாப்பிடுவாரு, பொன்மோதிரம் குடுப்பாரு. அவங்களும் உயிர் இருக்கிற வரைக்கும் அவரை விட்டுப் போறதில்ல" என்று ஆரம்பித்தேன். சன்னக் குரலுக்குக் கதையில் ஒரு வசதி: கேட்கவில்லை என்றால் ஆட்கள் தாங்களே நெருங்கி வருவார்கள். நாற்பது பேரும் வட்டம் கட்டிவிட்டார்கள். ராசா ஆளை எண்ணித்தான் படுக்கப் போவார், அதுபோல நாமும் ஜோடி ஆள் எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எப்படியோ பாதுகாப்பில் கொண்டுவந்து முடித்தேன்.

கருப்பையா கையைத் தூக்கினார். புதுக்கோட்டைக்காரர், பைப் ஃபிட்டர், மாரிமுத்து அண்ணனின் வலது கை. இவர்கள் இருவருக்கும் பத்து வருஷமாக ஒரே ரூம். முகத்தைப் பயபக்தியாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ராசாவும் மெஸ்ல அதே பருப்பைத்தான் சாப்பிட்டாரா சார்? அப்ப அவரு சண்டைக்கே போக வேணாம், வீரர்தான்."

சபதம்

அந்தக் காவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சபதம் போடுவது. சண்டைக்கு முன்னால் வீரன் கூடத்தில் எழுந்து, நாளைக்கு நான் இன்னது செய்வேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது, செய்யாவிட்டால் ஆயுசுக்கும் தலைகுனிவு. இதைச் சொன்னேனோ இல்லையோ, மறுநாளிலிருந்து எங்கள் ஆட்கள் வரிசையாக எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சாரத்தில் நின்று போன் பேச மாட்டேன் என்றார். இன்னொருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்ற மாட்டேன் என்றார். கருப்பையா மார்பைத் தட்டிக்கொண்டு, "டீ குடிக்கிறப்பகூட சேஃப்டி பெல்ட்டைக் கழட்ட மாட்டேன்" என்றார். கழற்றவும் இல்லை. கொக்கிகள் இரண்டும் கணகணவென்று அடிக்க, கோயில் காளை மாதிரி டீ வண்டிக்கு நடந்து போனார்.

கிரஹாம் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாம் உங்கள் முன்னோர் பாட்டுத்தான் என்றேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அதைக் கொடுத்தார்கள், நான் முதல் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று?"

என் தப்பு

புகழ் தலைக்கேறினால் என்ன ஆகும் என்பது சக பாவிகளுக்குத் தெரியும். மூன்றாவது மாதத்தில் ஒருநாள் போர்க்களக் கதை சொன்னேன். தலைவன் விழுந்துவிட்டான். சில பேர் குதிரை ஏறி ஓடிவிட்டார்கள். மிச்சப் பேர் ஓடவில்லை. ஒருவன் பின்னால் ஒருவனாக முன்னேறிப் போய்த் தலைவன் பக்கத்திலேயே விழுந்தார்கள். கருப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வெசல் வேலை. வெசல் என்றால் இரண்டு மாடி உயர இரும்புத் தொட்டி. உச்சியில் ஆள் நுழையும் வட்டத் துவாரம் ஒன்று, உள்ளே இறங்க ஏணி. மாரிமுத்து அண்ணன் உள்ளே. துவாரத்தின் வாயில் கருப்பையா காவல். அதற்கு ஹோல் வாட்ச் என்று பெயர். காவல்காரனுக்கு ஒரே சட்டம்: உள்ளே என்ன நடந்தாலும் வயர்லெஸ்ஸில் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும், தான் இறங்கக் கூடாது. கெட்ட காற்றில் முதலில் விழுபவரைவிட, காப்பாற்றப் போய் விழுபவர்கள்தான் அதிகம் என்று எங்களுக்குப் பாடமே உண்டு.

காலையில் சோதித்தபோது காற்று நன்றாகத்தான் இருந்தது. பத்து மணி வாக்கில் மேல்தட்டுக்குப் படியேறி வந்துகொண்டிருந்தேன். கருப்பையா குனிந்து, "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிடுவது தெரிந்தது. அடுத்த நொடி ஒரு காலைத் துவாரத்துக்குள் விட்டுவிட்டார். என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் கத்தினேன். கம்ப்ரெஸர் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து, காதில் வாயை வைத்துச் சொன்னேன்: "நீங்களும் போயிட்டா அண்ணனைத் தூக்க யாரும் வர மாட்டாங்க. மொதல்ல வயர்லெஸ்!" அவர் காலை வெளியே எடுத்தார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். பிறகு துவாரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே என்னிடம் கேட்டார்.

"நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க, தலைவன் விழுந்தா பின்னாடியே போகணும்னு?"

வாக்குமூலம்

மூச்சுக்காற்று சிலிண்டர் மாட்டிய மீட்புக் குழு நாலு நிமிஷத்தில் வந்து மாரிமுத்து அண்ணனைத் தூக்கியது. அடியில் காற்று கெட்டிருந்தது. அரை மயக்கம்தான்; இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார் கிரஹாம். நான் சொன்ன கதையையும் ஒளிக்காமல் எழுதினேன். புரோபேஷன் முடிய ஒன்பது நாள் இருந்தது; மனசுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதையை நிறுத்தாதே. ஆனால் கடைசியில் உயிரோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்."

கருப்பையா சாப்பிடவில்லை

வேலை தப்பியது, மனசு ஆறவில்லை. கேம்ப்பில் கருப்பையாவை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "வாசல்ல நின்னு வழியனுப்பி வச்சவரு வர்றாரு, தள்ளுங்கப்பா" என்று ஒருவர் சொல்ல மெஸ்ஸே சிரித்தது. அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். ரூமில் அண்ணனின் காலியான கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குதிரை ஏறி ஓடியவர்களில் அவரையும் சேர்த்தது என் கதைதான். நீங்கள் செய்ததுதான் சரி என்று நான் பத்துத் தடவை சொன்னேன். சேஃப்டி ஆபீசர் வேறென்ன சொல்வான் என்பது போலத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலை மாரிமுத்து அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டூல் பாக்ஸ் டாக்குக்கே வந்துவிட்டார். கருப்பையா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முன்னால் வந்து, கையைத் தட்டினார்.

"எவன்டா இவனைக் கிண்டல் பண்றது? காலு கையி வரல எனக்கு, வாயும் வரல. மேல ஓட்டையில வட்டமா வெளிச்சம், அதுல இவன் மூஞ்சி. அந்த மூஞ்சி அசையவே இல்லடா. அது நவுந்திருந்தா நான் அப்பவே கண்ணை மூடியிருப்பேன்."

காவியத்தில் இடம் பிடிப்பதற்குச் சாக வேண்டியிருக்கிறது; எங்கள் உத்தியோகத்தில் வீரம், விசுவாசம், தலைமை எல்லாவற்றுக்கும் கிடைக்கிற ஒரே பரிசு, சாயங்காலம் பஸ்ஸில் தலையை எண்ணும்போது நாற்பதும் இருப்பதும் அதில் முப்பது தூங்குவதும்தான்.